கரந்துறைவதும் கழித்துப்போட்டதும்

கேள்வி: வீடியோ கேம்களுக்குள் பாத்திரங்கள், மேடைகள், வசனங்கள் என்று நிறைய ஒளித்து வைத்திருக்கிறார்களாமே! ஏன் ஒளிக்கிறார்கள்? நாமே தேடி எடுக்க முடியுமா?

பதில்: யார் ஒளித்தார்கள்? பரணில் கிடக்கும் கால் உடைந்த நாற்காலியை 'ஒளித்து வைத்தது' என்றா சொல்வீர்கள்? இறக்க அலுப்பு, இழுத்தால் கூடவே நாலு சாமான் தலையில் விழும் என்ற பயம். அதனால் கிடக்கிறது.

ஒளித்தல் என்றால் அடாரி நிறுவனத்தின் 'அட்வென்சர்' கேம். அப்போதெல்லாம் கேம் எழுதியவர் பெயரை அந்த நிறுவனம் போடாது. அதை எழுதிய வாரன் ராபினெட் கேமுக்குள் ரகசிய அறை ஒன்று கட்டி, அதற்குள் தன் பெயரை எழுதிவிட்டார். உள்ளே போக, கண்ணுக்கே படாத ஒரு புள்ளியைத் தூக்கி வர வேண்டும். ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொன்றைப் புதைத்த நம் கரந்துறைப்பாட்டுப் புலவர்களின் ரகம். இப்படி ஒளித்ததையும், வெறுமனே கழித்துப்போட்டதையும் 'ஈஸ்டர் எக்' (வேண்டுமென்றே ஒளித்த குறும்பு) என்று ஒரே கூடையில் போடுகிறவர்களோடு எனக்குப் பழைய சண்டை, இன்னும் முடியவில்லை.

நீங்கள் கேட்பது கழிவு. படம், ஒலி, எதிரி எல்லாம் வரிசை எண் போட்ட அட்டவணையில் இருக்கும். 57-ஐ உருவினால் 58 அந்த இடத்துக்கு நகரும். 58-ஐக் கூப்பிட்ட இடங்களில் எல்லாம் 59 வந்து நிற்கும். மறுபடி முழுச் சோதனை. ஆகவே அதை அங்கேயே விட்டு, அதற்குப் போகும் வாசலை மட்டும் அடைத்துவிடுவார்கள். கார்ட்ரிட்ஜ் சிப்பும் பெரும்பாலும் 256, 512 கிலோபைட் என்று இரட்டித்தே வரும். 20 கிலோபைட் அழித்தால் சிப் சிறுத்துவிடாது.

அழித்தாலும் வம்புதான். 1996-இல் ஜப்பானில் வந்த போகிமானில் சோதனைக் கருவிகளை நீக்கியபோது 300 பைட் மிஞ்சியது. அதை எழுதியவர்களில் ஒருவரான ஷிகேகி மொரிமோட்டோ அந்த இடத்தில் 'மியூ' என்ற பிராணியை நுழைத்துவிட்டார். ஒரு பிழையின் வழியே அது வெளியே வந்தது! அந்தக் கேமின் பிராணி அட்டவணையில் 190 இடங்கள், பிராணிகள் 151. காலியான 39-இல் இடறினால் 'மிஸ்ஸிங்நோ' என்ற பிழை உருவம் எழுந்து வரும்.

அடைத்த வாசல் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2005-இல் வெடித்த 'சான் ஆண்ட்ரியாஸ்' கேம் விவகாரம். கைவிட்ட படுக்கையறைக் காட்சி வட்டிலேயே இருந்தது; ஒரேயொரு மதிப்பை மாற்றியதும் ஓடியது. கேம் வெளியிட்டவர்கள் முதலில் ஹேக்கர்கள் மேல் பழி போட்டார்கள். பிளேஸ்டேஷன் 2 வட்டிலும் அது கிடந்தது தெரிந்தபின், அமெரிக்காவில் 'வயது வந்தோருக்கு மட்டும்' முத்திரை விழுந்தது.

தேட முடியுமா என்றால், முடியும். கேமின் மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள். கேம் பாய் படம் 8×8 புள்ளிக் கட்டங்கள், கட்டத்துக்கு 16 பைட். கோப்பின் பைட்டுகளைப் படக் கட்டங்களாகக் காட்டும் 'டைல் வியூவர்' மென்பொருளில் தெரியும். வெறும் இரைச்சலாகத் தெரிந்தால் சுருக்கி வைத்த படம். எமுலேட்டரில் (பழைய கேம் கருவியைக் கணினியில் போலச்செய்யும் மென்பொருள்) ஓடவிட்டு, விரிந்தபின் படநினைவகத்தைப் பாருங்கள். வசனம் நேராகத் தேடினால் அகப்படாது. வழக்கமான குறியீட்டில் ஆங்கில முதலெழுத்தான பெரிய A-க்கு ஹெக்ஸில் (பதினாறடிமான எண்ணில்) 41. ஆங்கிலப் போகிமானில் 80. எழுத்துகளுக்கு இடையிலான தூரத்தை வைத்துத் தேடும் 'ரிலேட்டிவ் சர்ச்' வேண்டும். எஃப்சிஇயுஎக்ஸ் (FCEUX) மாதிரி எமுலேட்டர்களில் எந்த பைட் ஓடியது, எது படிக்கப்பட்டது என்று குறித்துக்கொள்ளும் வசதி உண்டு. குறி விழாததை எல்லாம் 'வெட்டிய பகுதி' என்று அறிவித்துவிடாதீர்கள். நீங்கள் அந்த அறைக்குள் போகாமலே இருந்திருக்கலாம்.

எனக்கு உறுத்துவது இடைச்செருகல். 'ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2' (2004) கைவிட்ட எந்திரக் கிரகத்தை ரசிகர்கள் மீட்டார்கள்; ஓட்டைகளை அடைக்கப் புது வசனம் எழுதினார்கள். 1992-இன் 'சோனிக் 2' கைவிட்ட மேடை, 2013 கைபேசிப் பதிப்பில் புதுப்பித்த உருவில் வந்தது. நன்றாகவே இருக்கிறது. மூலபாடம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த மேடையின் பெயர் 'மறைந்த அரண்மனை'; அதைக்கூட யாரும் ஒளிக்கவில்லை, ஐயா!