விரும்பித்தான் பார்க்கிறார்களா?

கேள்வி: சீரியல், ரியாலிட்டி ஷோ, ரீல்ஸ் என்று எதைக் குறை சொன்னாலும், "மக்கள் விரும்புவதைத்தானே கொடுக்கிறோம்" என்கிறார்கள். அதில் நியாயம் உண்டா?

பதில்: எனக்குத் தெரியவில்லை அந்த நியாயம். விருப்பத்தை யாரும் அளப்பதில்லை, நேரத்தைத்தான் அளக்கிறார்கள். நான் தொடர்களுக்கு எடிட்டிங் செய்துகொண்டிருந்தபோது, ரேட்டிங் வந்ததும் எங்களிடம் பேசப்பட்டதெல்லாம் எந்த நிமிடத்தில் சேனலை மாற்றினார்கள் என்பது மட்டுமே. அதனால் விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒரு கதவு திறக்கும், எல்லார் முகமும் அதிரும். இடைவேளை முடிந்தால், வந்தவர் கூரியர்காரர்! கதைக்கு அந்த அதிர்ச்சியால் ஒரு பயனும் கிடையாது.

யூடியூப் முதலில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று பார்த்துப் பரிந்துரைத்தது. ஏமாற்று முகப்புப் படங்கள் பெருகின. 2012இல், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்குக்கு மாறியது. அப்புறம் இரண்டு நிமிட விஷயத்தைப் பத்து நிமிடத்துக்கு இழுப்பது வழக்கமாகிவிட்டது. இடையில் மக்களின் ரசனையா மாறியது?

நிகழ்ச்சி, விளம்பரம், முன்னோட்டம் எல்லாம் கலந்து ஓடும் ஒரே ஓட்டம்தான் தொலைக்காட்சி என்று பிரிட்டிஷ் பண்பாட்டு ஆய்வாளர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1974லேயே எழுதினார். இணையத்திலாவது பக்கம் என்று ஒன்று இருந்து, அது முடிந்துகொண்டிருந்தது. 2006இல் ஏஸா ராஸ்கின் என்ற மென்பொருள் வடிவமைப்பாளர் வடிவமைத்த, தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் முடிவில்லா ஸ்க்ரோலிங் அதையும் எடுத்துவிட்டது. பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார். பக்கம் முடியும் இடத்தில் "போதுமா?" என்று மனம் ஒரு நொடி யோசிக்கும். அந்த நொடியைப் பறித்துக்கொண்டு, விரும்பித்தான் பார்க்கிறார்கள் என்று சொல்வது எனக்குக் கோபமூட்டுகிறது.

கேள்வி: ஓய்வுபெற்ற என் அப்பா நாள் முழுக்கச் செய்திச் சேனல் பார்க்கிறார். வெளியே போகவே பயப்படுகிறார். டிவிதான் காரணமா?

பதில்: ஓரளவு இருக்கலாம். அதிக நேரம் டிவி பார்ப்பவர்களுக்கு உலகம் கூடுதல் ஆபத்தானதாகத் தோன்றுகிறது என்று ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் தம் ஆய்வுகளில் கண்டார். பயந்தவர்கள்தான் வீட்டிலிருந்து அதிகம் பார்க்கிறார்களோ என்று அவரை மறுத்தவர்களும் உண்டு. அதனால் ரிமோட்டைப் பிடுங்கிச் சண்டை போடாதீர்கள். ஒரே கொலைச் செய்தி காலையிலிருந்து எத்தனை முறை திரும்ப வருகிறது என்று அவரோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். அப்புறம் மாலையில் அவரைக் கூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள்.