கொழும்பிலிருந்து ஒரே நாளில் சுண்ணக்கல் குகை பார்த்து வரலாமா?

வரலாம், வவுல்பனே குகையை. இரத்தினபுரி, பெல்மதுளை வழியாகப் பல்லேபெத்த போய்க் கிளைவீதியில் திரும்புங்கள். விடியுமுன் புறப்பட்டால்தான் இருட்டுமுன் திரும்பலாம்.

குகைக்குள் நீரோடை ஓடுகிறது, ஆபத்தே அதுதான். உள்ளே இருக்கும்போது வெளியே வெயிலா மழையா என்று தெரியாது, மேட்டில் பெய்த மழை சட்டென்று உள்ளே பெருகும். முதல்நாள் கனமழை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். சனவரி முதல் மார்ச் வரை நல்லது.

தரை ஈரக்களியும் வௌவால் எச்சமுமாக வழுக்கும். பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும், செருப்பு உதவாது. தலையில் கட்டும் டோர்ச் ஒன்று, மாற்றாக இன்னொன்று. காய்ந்த எச்சத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம், முகக்கவசம் அவசியம். தொங்கும் கற்களைத் தயவுசெய்து தொடாதீர்கள்: கையின் எண்ணெய்ப்பசை ஒட்டினால் சுண்ணம் படிவது தடைப்படும்.

தொல்லியல்தான் நோக்கமென்றால் புலத்சிங்கள அருகே பாகியன்கலை குகை இன்னும் கிட்ட. சுண்ணக்கல் அல்ல, ஆனால் 40,000 ஆண்டுகளுக்கும் முந்தைய மனித வாழ்வின் தடயங்கள் அங்கே கிடைத்தன.