பால்வாடியா, வேன் வரும் பள்ளியா?

கேள்வி: எங்கள் சிற்றூரில் ஓர் அங்கன்வாடியும், அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் எல்.கே.ஜி. வகுப்பும் உள்ளன. மகளுக்கு மூன்றரை வயது. அக்கம்பக்கத்தார் எட்டுக் கிலோமீட்டர் தள்ளியுள்ள தனியார் பள்ளிக்கு வேனில் அனுப்புகிறார்கள். "பால்வாடியில் சோறு போட்டுத் தூங்க வைப்பார்கள், அவ்வளவுதான்" என்கிறார் மாமியார். கல்வி உரிமைச் சட்டம் தரும் 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் தனியார் பள்ளிக்கு முயலலாமா?
- ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: உங்கள் மாமியாரின் பேச்சை முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது, ஆனால் குறை பணியாளரிடம் இல்லை. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், ஊட்டச்சத்து, தடுப்பூசி, முன்பருவக் கல்வி எல்லாவற்றையும் ஒரே மையத்தின் பொறுப்பில் விட்டது. குழந்தைகளை எடை பார்ப்பது, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பது, வீடு வீடாகச் செல்வது, கைபேசிச் செயலியில் விவரம் ஏற்றுவது என்று அத்தனையையும் முடித்து, மிஞ்சிய நேரத்தில்தான் அவர் பிள்ளைகளுக்குக் கதை சொல்லியாக வேண்டும்.

கூடுதலாக ஓர் ஆள் இருந்தால் என்னவாகும் என்பதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். நான்கு மாவட்டங்களின் 640 அங்கன்வாடிகளில் பாதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, கற்பித்தலுக்கென அரைநாள் பணியாளர் ஒருவரை அமர்த்தினார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஒன்றரை ஆண்டு கழித்து அளந்தபோது, அந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இருமடங்காகியிருந்தது. பிள்ளைகள் கணக்கில் முன்னேறியிருந்தார்கள், மொழியில் அதைவிடவும் கூடுதலாக. பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்துப் பணிக்கு அவகாசம் கிடைத்ததால், கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது.

ஆகவே, உங்கள் ஊர் எல்.கே.ஜி. வகுப்பைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது, அதற்கென்று தனி ஆசிரியர் இருக்கிறாரா என்பதுதான். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் இவ்வகுப்புகள் தொடங்கியபோது, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை இங்கே மாற்றினார்கள். 2022இல் அவர்களைத் திரும்ப அழைத்து, எதிர்ப்பு எழுந்த பின் தற்காலிக ஆசிரியர்களை நியமித்தார்கள். ஆள் நிலைக்காத வகுப்பு பெயருக்குத்தான் எல்.கே.ஜி.

சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் காலை பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் புளியங்கொட்டைகளை ஐந்தைந்தாகக் கூட்டி வைத்து, "இன்னும் ஒன்று வேண்டும்" என்று தாமே சொன்னால், அங்கே கணக்கு நடக்கிறது என்று பொருள். மூன்றரை வயதுக் குழந்தை இரண்டு பக்கம் 'அ' எழுதிவந்தால் பெற்றோருக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் விரல் தசைகள் உறுதிப்படாத அந்த வயதில், தனியார் பள்ளியோ அரசுப் பள்ளியோ, அது வீண் வதை என்பதே என் கருத்து. சுவரில் தொங்கும் படங்களையும் சீருடையையும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தனி ஆசிரியர் இருந்தால் நான் தயங்காமல் உள்ளூர் வகுப்பையே சொல்வேன். இல்லையென்றால், நான்கைந்து பெற்றோராகச் சேர்ந்து பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கிராம சபையிலும் அதைக் கேளுங்கள். தனியொருவர் கேட்பதைவிட எடுபடும்.

25 சதவீத ஒதுக்கீடு, எல்.கே.ஜி.யில் சேர்க்கை தொடங்கும் தனியார் பள்ளிகளில் அந்த வகுப்புக்கும் உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது. நலிவடைந்த பிரிவினருக்கு ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். ஆயினும் பொதுவாக வீடு பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதால், எட்டுக் கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளியை நம்பி உள்ளூர்ச் சேர்க்கையைத் தள்ளிப் போடாதீர்கள்.