மடலில் ஒரு ஓட்டை

அன்புள்ள ஐயா,

நான் கேரளத்துப் புனலூரில் வளர்ந்த தமிழ்ப் பெண். வீட்டைக் காலி செய்யும்போது அம்மாவின் தகரப் பெட்டியில் நாற்பது பொங்கல் வாழ்த்து அட்டைகள் கிடைத்தன. எல்லாவற்றையும் லேமினேட் செய்து ஆல்பமாக்கிவிட்டேன். வாட்ஸப் வந்தபின் நாம் எதை இழந்தோம்? என் மகளை வருடத்துக்கு ஒரு வாழ்த்தாவது கையால் எழுத வைக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

மகளை அவள் போக்கில் விடுங்கள். வாட்ஸப்பையும் வைய வேண்டாம். கரும்பும் பானையும் ஜிகினாவும் நாலு வரிக் கவிதையுமாக வந்த அந்த அட்டைகளும் ஃபார்வர்டுதான், சிவகாசி ஃபார்வர்டு.

ஆனால் லேமினேட்? ஏம்மா இப்படிச் செய்தீர்கள்? சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் அட்டையின் மேல்தோலும் மையும் கூடவே உரிந்து வரும். மலிவான மரக்கூழ் அட்டை தன்னிடமுள்ள அமிலத்தாலேயே பழுக்கும், பிளாஸ்டிக் அதை நிறுத்தாது. ஈரத்துக்கும் ராமபாணப் பூச்சிக்கும் பயந்திருப்பீர்கள், புரிகிறது. ஆரியங்காவுக் கணவாய்ச் சாரலில் ஆடி மாதம் எங்கள் செங்கோட்டை வீட்டில் தீப்பெட்டியே பற்றாது. அதற்கு நல்ல காகித உறையும் காற்றோட்டமான அலமாரியும் போதும்.

சரி, அட்டை போகட்டும். உறைகள் எங்கே? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தூக்கிப் போட்டிருப்பீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். படம் அச்சகத்துக்காரருடையது. உங்கள் வீட்டுக்காரர்களின் கையெழுத்து இருந்தது உறையில்தான்.

என் அத்தையும் புனலூரில்தான் இருந்தாள், மாமாவுக்குப் பேப்பர் மில்லில் வேலை. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால் அப்பாவுக்கு மலையாளம் எழுத வரும். அத்தைக்கு அனுப்பும் உறையின்மேல் முகவரி மலையாளத்தில், உள்ளே எல்லாம் தமிழ். ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டு எழுத்து.

அப்போதெல்லாம் வாழ்த்தை உறையில் போட்டு, உறையை மூடும் மடலை ஒட்டாமல் உள்ளே செருகி, 'புக் போஸ்ட்' என்று எழுதினால் தபால்தலை குறைவு. ஆனால் உள்ளே சொந்தச் சமாச்சாரம் எழுதக் கூடாது. அத்தையா கேட்பாள்? மடலின் உட்புறம் பென்சிலால் பொடி எழுத்தில் குடும்பக் கதை முழுதும் எழுதிவிடுவாள். ஒருமுறை பிடிபட்டது. குறைந்த தபால்தலைக்கு இரட்டிப்பாக அப்பா கட்டினார். "சிக்கனக்காரி" என்று வைதுகொண்டே மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

உங்களை இவ்வளவு திட்டுகிறேனே, நான் செய்ததையும் கேளுங்கள். ஒன்பது வயதில் எனக்குத் தபால்தலைப் பைத்தியம். அத்தையின் உறைகளை எல்லாம் எடுத்து மூலையை வெட்டித் தண்ணீரில் ஊறப் போட்டேன். தபால் முத்திரை போனது, வருஷம் போனது. உள்ளே செருகியிருந்த மடலின் ஓரமும் சேர்ந்து போனது. பதினொரு உறைகள் மிச்சம். நேற்று ஒன்றை எடுத்து விளக்கடியில் பார்த்தேன்.

"மதினிக்கு, மூட்டுவலி தேவலை. பசு ஈன்றுவிட்டது, கிடேரி. சித்திரைக்கு ஊருக்கு வர"

இங்கே ஓட்டை. அடுத்த வரி, "என்று அண்ணனிடம் சொல்லவும்."

முடியும் என்றாளா, முடியாது என்றாளா? அந்தச் சித்திரைக்கு அத்தை வந்தாளா என்று கேட்க இப்போது வீட்டில் யாரும் இல்லை. தபால்தலை ஆல்பமும் எப்போதோ தொலைந்துவிட்டது.