கடைசி இரவு ஹேவ்லாக்கில் வேண்டாம்

கேள்வி: திருச்சியிலிருந்து 68 வயது அம்மா, இரண்டு பிள்ளைகள் உட்பட ஐந்து பேர் மே 19 முதல் ஐந்து இரவுகள் அந்தமான் போக இருக்கிறோம். முகவர் தந்த திட்டத்தில் முதல் இரண்டு இரவு போர்ட் பிளேர், ஒரு இரவு நீல் தீவு, கடைசி இரண்டு இரவு ஹேவ்லாக் தீவு. இந்த வாரமே முழுத் தொகையும் கட்டினால்தான் இந்த விலை என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். பணப் பேச்சுக்கு முன்னால் அந்தத் திட்டத்தைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். கடைசி நாள் காலையில் ஹேவ்லாக்கில் படகு ஏறி, மதியம் போர்ட் பிளேரில் விமானம் பிடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். பிப்ரவரியில் கடல் குளம்போலக் கிடக்கும்போது இது நடக்கும். மே மூன்றாம் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை முதலில் வந்து இறங்குகிற இடமே அந்தமான் கடல்தான். காற்று கூடினால் படகை நிறுத்திவிடுவார்கள். படகு நிறுவனம் தன் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரும். விமான நிறுவனமோ, நீங்கள் வரவில்லை என்று எழுதிக்கொண்டு பறந்துவிடும். ஹெலிகாப்டர் இருக்கிறதே என்று முகவர் சொல்வார். அதில் நோயாளிகளுக்கும் தீவு மக்களுக்கும்தான் முதலிடம்.

இறங்கிய இரவு போர்ட் பிளேர், அடுத்த இரண்டு இரவு ஹேவ்லாக், ஒன்று நீல், கடைசி இரவு மறுபடி போர்ட் பிளேர். செல்லுலார் சிறையைத் திரும்பி வந்த பிறகு பார்க்கலாம், அது எங்கும் போய்விடாது.

இனி பணம். திருச்சி முகவர் உங்கள் தொகையைச் சென்னையில் ஒரு மொத்த வியாபாரிக்கு அனுப்புவார். அவர் போர்ட் பிளேரில் கார், விடுதி, படகு ஏற்பாடு செய்பவருக்கு அனுப்புவார். நடுவில் ஒருவர் கையை மூடிக்கொண்டால் நடுத்தெருவில் நிற்பது நீங்கள்தான். சென்ற ஆண்டு விமான நிலைய வாசலில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். அவர்கள் பெயர் எழுதிய அட்டையோடு வந்திருந்த ஓட்டுநர், ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகு அட்டையை மடித்துக் கக்கத்தில் செருகிக்கொண்டு, "சென்னையிலிருந்து பணம் வரவில்லையாம் சார்" என்று நல்ல தமிழில் சொல்லிவிட்டுக் காரைத் திருப்பினார். அந்தக் குடும்பம் இரண்டு மாதத்துக்கு முன்பே முழுத் தொகையும் கட்டியிருந்தது. கைபேசியும் ஒரு வண்ண விளம்பரப் படமும் இருந்தால் போதும், நம் ஊரில் யாரும் சுற்றுலா முகவர் ஆகிவிடலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம்கூட விரும்பினால் வாங்கிக்கொள்ளும் சமாச்சாரம்தான். கேட்பார் யார்?

ஆகவே பாதிக்கு மேல் முன்பணம் தராதீர்கள். மீதி, விடுதியை நீங்களே அழைத்து உங்கள் பெயரில் அறை இருப்பதை உறுதி செய்த பிறகு. முகவர் தரும் வவுச்சரில், அதாவது முன்பதிவுச் சீட்டில், விடுதியின் பெயருக்குப் பக்கத்தில் "அல்லது அதற்கு இணையானது" என்று இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். கடற்கரை விடுதி சந்தைக்குப் பின்புறம் போவது அந்த மூன்று சொற்களால்தான்.

விமான டிக்கெட் மட்டும் விதிவிலக்கு; அதற்கு முழுப் பணமும் முன்பே தர வேண்டும். ஆனால் முகவர் அனுப்பும் தாளை நம்பாமல், பி.என்.ஆர். எண்ணை விமான நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். அங்கே ஐந்து பெயரும் இல்லையென்றால் உடனே மோசடி என்று சண்டைக்குப் போக வேண்டாம். குழுக் கட்டணத்தில் மொத்தமாக வாங்கிய இடங்களுக்குப் பெயர்கள் பிற்பாடுதான் ஏறும். அப்படியானால் அது குழு டிக்கெட் என்பதையும், பெயர்கள் ஏறும் தேதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் மறுபடி பாருங்கள். எழுதித் தர மறுத்தால் டிக்கெட்டை மட்டும் நீங்களே தனியாக எடுத்துவிடுங்கள்.

போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் மூன்றுக்கும் இந்தியர்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. அதற்கென்று கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஜாரவா பழங்குடி மக்களைக் காட்டுகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள், அது குற்றம். டிக்கெட்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று இருந்தால் பதற வேண்டாம். 2024இல் போர்ட் பிளேருக்கு வைத்த பெயர் அது. 2018இல் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப் ஆனது. பெயரை மாற்றியவர்கள் படகு நாளை போகுமா என்று முந்தைய நாளே சொல்ல ஒரு வழி செய்திருக்கலாம்.

அம்மாவுக்குப் பாரடாங் தீவின் சுண்ணாம்புக் குகைப் பயணம் வேண்டாம். விடியுமுன் கிளம்பி, சோதனைச் சாவடியில் காத்திருந்து, குகைவரை நடக்க வேண்டும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை போதும். நான்கு மணிக்கே அங்கே இருங்கள், மே மாதத்திலும் ஐந்தரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும். தனியார் படகுகள் பெரும்பாலும் மூடிய ஏசி அறைகள். குமட்டல் மாத்திரை தரலாமா என்று அம்மாவின் மருத்துவரிடம் இங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். இருக்கை முன்வரிசையில் வேண்டாம். ஆட்டம் அங்கேதான் அதிகம்.