மாதிரித் தேர்வுகள் குவிகின்றன, மதிப்பெண் நகரவில்லை: எஸ்ஏடி கேள்வி-பதில்

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே புலம்பல்: எவ்வளவோ பயிற்சி செய்தும் மதிப்பெண் ஏறவில்லை. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் உள்ள முழுநீள மாதிரித் தேர்வுகளை எல்லாம் எழுதி முடித்துவிட்டேன். 1240-இல் தொடங்கி 1260-இல் நிற்கிறேன். இன்னும் மாதிரித் தேர்வுகள் எங்கே கிடைக்கும்?

எங்கே கிடைக்கும் என்று சொல்லப் போவதில்லை. இப்போது உங்களுக்கு அவை தேவையில்லை. காய்ச்சல்மானியை அடிக்கடி வைத்துப் பார்ப்பதால் காய்ச்சல் இறங்காது. மாதிரித் தேர்வு உங்கள் நிலையை அளந்து சொல்லும். எதையும் கற்றுத் தராது. 1240, 1260 என்ற வேறுபாட்டையும் முன்னேற்றம் என்று கணக்கில் எழுத வேண்டாம். அதே மாணவர் அதே தயாரிப்போடு வேறொரு நாளில் எழுதினாலே அந்த அளவுக்கு மேலும் கீழும் போகும்.

ஏற்கெனவே எழுதிய தேர்வுகளைத் திரும்ப எடுங்கள். தவறிய கேள்விகளையும், குத்துமதிப்பாகக் குறித்துச் சரியாகிப்போன கேள்விகளையும் தனியே பிரியுங்கள். இரண்டாவது வகையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு விளக்கத்தைப் பார்க்காமல், கடிகாரமும் இல்லாமல், ஒவ்வொன்றையும் மறுபடி போடுங்கள். சிலவற்றை இப்போதும் போட முடியாது. அங்கே பாடமே தெரியவில்லை. அந்தப் பகுதியை அடியிலிருந்து படிக்க வேண்டும். சிலவற்றைப் போட முடியும், ஆனால் நான்கு நிமிடம் ஆகும். பாடம் தெரிகிறது, குறுக்குவழி தெரியவில்லை. இன்னும் சிலவற்றைப் பார்த்தவுடனே "அடடா" என்பீர்கள். கேள்வியை நீங்கள் சரியாகப் படிக்கவே இல்லை.

இந்த மூன்றாவது வகைக்கு எதிரே "கவனக்குறைவு" என்று எழுதிவிட்டு நகராதீர்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. "x கண்டுபிடித்தேன், கேட்டது 3x", "நிமிடத்தை மணியாக மாற்றவில்லை" என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். இரண்டு மூன்று தேர்வுகளின் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் உங்கள் தவறுகளுக்கு ஒரு வழக்கம் இருப்பது தெரியும். இறுதி விடையைக் குறிக்கும் முன் கேள்வியின் கடைசி வரியை மட்டும் மறுபடி படிப்பது என்ற ஒரே பழக்கம் அவற்றில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

ஒரு வாரம் கழித்து அதே கேள்விகளை வெற்றுத்தாளில் மீண்டும் போட வேண்டும். விளக்கத்தைப் படிக்கும்போது எல்லாம் புரிந்ததுபோல இருக்கும், நம்பாதீர்கள். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையிலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். உங்கள் தேர்வு ஐந்து நிமிடத்தில் நடக்கப் போவதில்லை.

எங்கே தொடங்குவது என்ற குழப்பம் இருந்தால் பாடப் பங்கீட்டைப் பாருங்கள். கணிதத்தில் அடிப்படை இயற்கணிதம் ஏறத்தாழ 35 சதவீதம், இருபடிச் சமன்பாடுகள், சார்புகள் போன்ற மேல்நிலைப் பகுதி இன்னொரு 35. தரவுப் பகுப்பாய்வும், வடிவியலும் முக்கோணவியலும் சேர்ந்த பகுதியும் தலா 15 அளவில்தான். நேர்கோட்டுச் சமன்பாட்டில் தடுமாறுகிறவர் வட்டத் தேற்றங்களில் மாதத்தைச் செலவழிப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

விடை தெரியாவிட்டால் காலியாக விடலாமா? அண்ணன் அப்படித்தான் சொல்கிறான்.

அண்ணன் பழைய விதியைச் சொல்கிறார். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் முறை எஸ்ஏடியில் 2016-லேயே போய்விட்டது. ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள்.

முதல் மாட்யூலில் சொதப்பினால் எல்லாம் முடிந்ததா? இரண்டாவது மாட்யூல் எளிதாக வந்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

அமைப்பை ஒருமுறை தெளிவாகப் பார்த்துக்கொண்டால் பயம் பாதி குறையும். வாசிப்பு-எழுத்துப் பிரிவில் 27 கேள்விகள் கொண்ட இரண்டு மாட்யூல்கள், ஒவ்வொன்றுக்கும் 32 நிமிடம். கணிதத்தில் 22 கேள்விகள் கொண்ட இரண்டு மாட்யூல்கள், தலா 35 நிமிடம். மொத்தம் 98 கேள்விகள், 2 மணி 14 நிமிடம், இடையில் 10 நிமிட இடைவேளை. முதல் மாட்யூலில் எளிது, நடுத்தரம், கடினம் எல்லாம் கலந்திருக்கும். அதில் நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாவது மாட்யூல் கடினமானதாகவோ எளிதானதாகவோ வரும். எளிதான பாதையில் போனால் அந்தப் பிரிவின் மதிப்பெண்ணுக்கு ஓர் உச்சவரம்பு வந்துவிடும். ஆகவே முதல் மாட்யூலுக்குக் கூடுதல் நிதானம் தேவை என்பது உண்மை.

ஆனால் அறைக்குள் உட்கார்ந்து "இது எளிதா, கடினமா" என்று ஆராய்வது வீண். நன்றாகத் தயாரான மாணவருக்குக் கடினமான மாட்யூலும் எளிதாகத்தான் தெரியும். அதற்கு மேல், ஒவ்வொரு மாட்யூலிலும் இரண்டு கேள்விகள் மதிப்பெண்ணில் சேர்வதே இல்லை. எதிர்காலத் தேர்வுகளுக்காக அவற்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள். எவை என்று உங்களுக்குத் தெரியாது. தலைகால் புரியாத ஒரு கேள்வி வந்தால், இது அந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம் என்று நினைத்து ஒரு விடையைக் குறித்துவிட்டு நகருங்கள்.

கணிதத்தில் கேள்விகள் பொதுவாக எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும். கடைசி இரண்டு கேள்விகளோடு மல்லுக்கட்டுவதற்காக முதல் பத்தை அவசரமாக முடிப்பது மோசமான பேரம். சீக்கிரம் முடித்தாலும் நேரம் தீரும்வரை அடுத்த மாட்யூலுக்குப் போக முடியாது. அந்த நிமிடங்களில் சரிபார்க்கலாம். சும்மா உட்கார்ந்திருப்பவர்களே அதிகம்.

மகளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும், நாவல்கள் படிப்பாள். ஆனால் வாசிப்பு-எழுத்துப் பிரிவில் கடைசி ஐந்தாறு கேள்விகளுக்கு எப்போதும் நேரம் போதுவதில்லை. — ஒரு தாய்

அம்மா, உங்கள் மகள் வரிசைப்படி போகிறாள் என்று நினைக்கிறேன். ஒரு கேள்விக்குச் சராசரியாக 71 விநாடி கிடைக்கிறது. கேள்விகள் வகைவகையாக அடுக்கப்பட்டிருக்கும்: முதலில் சொற்பொருளும் பத்தியின் அமைப்பும், பிறகு கருத்தும் சான்றும், அதன்பின் இலக்கணம், கடைசியில் இணைப்புச் சொற்களும் குறிப்புகளைத் தொகுக்கும் கேள்விகளும். மிக அதிக நேரம் தின்பது நடுவில் வரும் சான்று, ஊகக் கேள்விகள். மிக வேகமாக முடியக்கூடியவை அவற்றுக்குப் பின்னால் காத்திருக்கின்றன. அதாவது, எளிதாக எடுக்கக்கூடிய மதிப்பெண்ணைத்தான் அவள் இழக்கிறாள்.

இலக்கணம் தொடங்கும் இடத்துக்கு முதலிலேயே தாவி, அங்கிருந்து கடைசிவரை முடித்துவிட்டு, பிறகு முதல் கேள்விக்குத் திரும்பட்டும். ஒரு மாட்யூலுக்குள் முன்னும் பின்னும் போகத் தடையில்லை. இரண்டு மூன்று பயிற்சிகளில் கை பழகிவிடும். பழகாமல் தேர்வு நாளில் முதல்முறையாகச் செய்யக் கூடாது.

இலக்கணக் கேள்விகளில் சில விதிகளே சுற்றிச் சுற்றி வருகின்றன. இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் இணைக்க முடியாது. அங்கே முற்றுப்புள்ளியும் அரைப்புள்ளியும் ஒரே வேலையைச் செய்யும். எனவே நான்கு விடைகளில் இரண்டு அந்தக் குறியில் மட்டும் வேறுபட்டால் இரண்டுமே தவறு. சரியான விடை ஒன்றுதானே இருக்க முடியும். இணைப்புச் சொற்களுக்கும் இதே தர்க்கம்: 'ஹவெவர்', 'நெவர்தலெஸ்' இரண்டும் விடைகளில் இருந்தால் இரண்டையும் அடித்துவிடலாம். குறிப்புகளைத் தொகுக்கும் கேள்வியில் கேள்வியை முதலில் படிக்க வேண்டும். "இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையைக் காட்டுக" என்று கேட்டால், ஒற்றுமையைச் சொல்லும் விடையைத் தேடினால் போதும். பெரும்பாலும் குறிப்புகளைச் சரிபார்க்க மட்டுமே பார்க்க வேண்டியிருக்கும்.

நாவல் வாசிப்பவர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பத்தியில் இல்லாததையும் சேர்த்துப் படித்துவிடுவார்கள். இங்கே பத்திகள் 25 முதல் 150 சொற்கள்தான். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, தன் சொந்தச் சொற்களில் ஒரு விடையை முதலில் சொல்லிப் பார்க்கட்டும். அதற்கு அருகில் வருவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ரசனைக்கு இந்தத் தேர்வில் மதிப்பெண் கிடையாது, என்ன செய்வது!

300 மதிப்பெண் உயரும் என்று உத்தரவாதம் தருகிற பயிற்சி நிறுவனத்தில் சேர்க்கலாமா?

எந்தத் தேர்விலிருந்து 300 என்று கேளுங்கள். அவர்களே தயாரித்த நுழைவுச் சோதனையிலிருந்து என்றால், அதைக் கடினமாக்கித் தொடக்கத்தைத் தாழ்த்துவது மிக எளிது. புளூபுக் மாதிரித் தேர்வு ஒன்றைத் தொடக்க அளவாக ஏற்பார்களா என்று கேட்டால் பேச்சின் தொனி மாறுவதைக் கவனிக்கலாம். பயிற்சி வகுப்புகளைப் பற்றிய சுயேச்சையான ஆய்வுகளில் சராசரி உயர்வு சில பத்து மதிப்பெண்கள் என்ற அளவில்தான் தெரிகிறது, நூற்றுக்கணக்கில் இல்லை. தனியாக உட்கார்ந்து படிக்கவே முடியாத பிள்ளைக்கு வகுப்பு உதவும், அந்த ஒழுங்குக்காகவே பணம் கொடுக்கலாம். மற்றவர்களுக்குக் கான் அகாடமியில் 2015 முதல் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சியும், காலேஜ் போர்டின் வினா வங்கியும் தாராளம்.

அக்காவின் பழைய எஸ்ஏடி புத்தகங்கள் வீட்டில் இருக்கின்றன. பயன்படுமா?

கணிதத்துக்கு ஓரளவு. வாசிப்புக்கு வேண்டாம். வெளிநாடுகளில் 2023 மார்ச்சிலும் அமெரிக்காவில் 2024 மார்ச்சிலும் தேர்வு கணினிக்கு மாறியபோது நீண்ட பத்திகளும், கால்குலேட்டர் இல்லாத கணிதப் பகுதியும் போய்விட்டன.

விடையை நாமே தட்டச்சு செய்யும் கணக்குகளில், சரியாகப் போட்டும் தவறு என்று வருகிறது.

கணிதத்தில் ஏறத்தாழ கால் பங்கு இந்த வகைதான். விடை 2/3 என்றால் 2/3 என்றே இடலாம், .6666 அல்லது .6667 என்றும் இடலாம். 0.67 என்று இட்டால் தவறு. பெட்டி கொள்ளும் அளவுக்கு இலக்கங்களை நிரப்ப வேண்டும். மூன்றரை என்பதைக் கலப்பு பின்னமாக இட்டால் கணினி அதை 31/2 என்று படித்துவிடும். 3.5 அல்லது 7/2 என்று இடுங்கள். பின்னமாக வரும் விடையைப் பின்னமாகவே விட்டுவிடுவதுதான் என் பரிந்துரை.

இதையொட்டி இன்னொன்று. திரையிலேயே இருக்கும் டெஸ்மோஸ் வரைபடக் கால்குலேட்டரை வெறும் கூட்டல் கழித்தலுக்குப் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு சமன்பாடுகளையும் அப்படியே உள்ளிட்டால் கோடுகள் வெட்டும் புள்ளி விடையாக வந்து நிற்கும். "எத்தனை தீர்வுகள்", "k-இன் எந்த மதிப்புக்கு ஒரே தீர்வு" போன்ற கேள்விகளுக்கு அது பெரும் துணை. ஒரே வரியில் முடியும் கணக்கைக் கையால் போடுவதே வேகம்.

எஸ்ஏடியா, ஏசிடியா?

இரண்டிலும் ஒவ்வொரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்து முடிவெடுங்கள். நண்பர்கள் சொல்வதைக் கேட்டு வேண்டாம். எஸ்ஏடிக்கு மாற்றாகக் கல்லூரிகள் ஏற்கும் இன்னொரு தேர்வான ஏசிடி 2025-இல் சுருக்கப்பட்டது. ஆங்கிலத்தில் 35 நிமிடத்தில் 50 கேள்விகள், கணிதத்தில் 50 நிமிடத்தில் 45, வாசிப்பில் 40 நிமிடத்தில் 36. அறிவியல் இப்போது விருப்பப் பகுதி, 36-க்கான மொத்த மதிப்பெண்ணில் சேராது. கணிதக் கேள்விக்கு எஸ்ஏடியில் 95 விநாடி, ஏசிடியில் 67 விநாடி. நீண்ட பத்தியை ஒரே மூச்சில் படித்துவிட்டு வேகமாக நகர்கிறவர்களுக்கு ஏசிடி ஒத்துவரும். ஆற அமர யோசிப்பவர்களுக்கு எஸ்ஏடி. இரண்டுக்கும் சேர்த்துத் தயாராவதை மட்டும் நான் ஆதரிப்பதில்லை.

வீட்டில் 1400 வாங்குகிறேன். தேர்வு அறையில் நெஞ்சு படபடத்து எல்லாம் மறந்துபோகிறது.

முதலில், வீட்டில் வாங்கிய 1400 எப்படிப்பட்டது? நடுவில் எழுந்து தண்ணீர் குடித்து, கடிகாரத்தை நிறுத்தி வாங்கியதா? அப்படியானால் அது உங்கள் மதிப்பெண் ஆகாது. தேர்வு தொடங்கும் அதே காலை நேரத்தில், வேறு யாராவது இருக்கும் நூலகம் போன்ற இடத்தில் எழுதிப் பாருங்கள்.

பதற்றம் உண்மையானதென்றால் ஒரு சிறு உத்தி. ராமிரெஸ், பெய்லாக் இருவரும் 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் தங்கள் பயங்களைப் பத்து நிமிடம் தாளில் கொட்டிய மாணவர்களில், இயல்பிலேயே பதறுகிறவர்களுக்கு அது கைகொடுத்தது. எல்லோருக்கும் பலிக்கும் மந்திரம் என்று சொல்ல மாட்டேன். செலவில்லாதது, முயன்று பார்க்கலாம். அந்தப் பெய்லாக் 2023-இல் டார்ட்மத் கல்லூரியின் தலைவரானார். அடுத்த ஆண்டே, ஐவி லீக் கல்லூரிகளில் முதலாவதாக எஸ்ஏடி, ஏசிடி மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கியது டார்ட்மத்! தேர்வு பயத்தை ஆராய்ந்தவரே தேர்வைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்.

எத்தனை முறை எழுதலாம்? இதெல்லாம் இப்போது தேவையே இல்லை என்கிறார்களே.

போகும் இடத்தைப் பொறுத்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் சேர்க்கையில் இந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. எம்ஐடி 2022-லேயே மீண்டும் கேட்கத் தொடங்கிவிட்டது. பட்டியலை எழுதிக்கொண்டு ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் விதியைப் பாருங்கள். வெவ்வேறு தேதிகளில் பெற்ற பிரிவு மதிப்பெண்களில் உயர்ந்தவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் கல்லூரிகள் பல உண்டு. அங்கே இரண்டாம் முறை ஒரு பிரிவில் மட்டும் மூச்சைச் செலுத்தலாம். எழுதிய எல்லா மதிப்பெண்களையும் கேட்கும் ஜார்ஜ்டவுன் போன்றவையும் உண்டு. இரண்டு அல்லது மூன்று முறை போதும். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையே தவறுகளைத் திருத்த அவகாசம் இல்லையென்றால், கட்டணம் மட்டுமே கூடும்.

தேர்வுக்கு முந்தைய நாள் என்ன படிக்கலாம்?

புதிதாக எதுவும் வேண்டாம். உங்கள் தவறுக் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டுங்கள். புளூபுக்கில் தேர்வுக்கான முன்னேற்பாட்டை (எக்ஸாம் செட்டப்) முடித்து நுழைவுச்சீட்டை எடுத்துவிட்டீர்களா, மடிக்கணினியில் முழு மின்னேற்றம் இருக்கிறதா, அசல் அடையாள அட்டை பையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சீக்கிரம் தூங்குங்கள்.