பூசி முடிப்பதற்குள் கலவை இறுகிவிடுகிறதே! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பத்துக்குப் பத்து அறையின் செங்கல் சுவரை நானே பூசிப் பழகுகிறேன். ஒரு பக்கம் அப்பி முடிப்பதற்குள் மறுபக்கம் இறுகிவிடுகிறது. பூச்சைச் சமப்படுத்த மட்டப்பலகை ஓட்டினால் பிய்ந்து வருகிறது. கொத்தனார் வேகம் எனக்கு எப்போது வரும்?

பதில்: கை வேகத்தை விடுங்கள். கலவையின் அளவையும் சுவரின் ஈரத்தையும் முதலில் கவனியுங்கள். காய்ந்த செங்கல் கலவையிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். அதனால்தான் பிய்கிறது. முதல் நாள் மாலையே சுவரை நன்றாக நனையுங்கள். பூசுவதற்கு அரை மணி முன்பு மறுபடி தெளியுங்கள். சுவர் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் மினுமினுக்கக் கூடாது.

தூக்குக்குண்டு பிடித்து 5 அடிக்கு ஒன்றாக மட்டப் புள்ளி (பூச்சின் கனத்தைக் காட்டும் சிறு கலவைத் திட்டு) வைக்கும் வேலையையும் முதல் நாளே முடித்துவிடுங்கள். புதியவர்களுக்கு நேரம் அதிகம் போவது இதில்தான். கலவையைக் குழைத்து வைத்துக்கொண்டு புள்ளி தேடினால் தோற்றுத்தான் போவீர்கள்.

மூட்டை மூட்டையாகக் குழைக்காதீர்கள். 5 லிட்டர் வாளியில் ஒரு வாளி சிமெண்ட், 5 வாளி சலித்த மணல் போதும். 12 மில்லிமீட்டர் கனத்தில் சுமார் 15 சதுர அடி வரும். தண்ணீர் விட்ட அரை மணிக்குள் அது சுவருக்குப் போய்விட வேண்டும். இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் விட்டு மறுபடி குழைப்பது கூடவே கூடாது. பிறகு பூச்சு பொருபொருவென்று உதிரும்.

அப்பியதும் மட்டப்பலகையைக் கீழிருந்து மேலாக, இடவலமாக அசைத்தபடி இழுங்கள். பள்ளம் தெரிந்தால் அப்போதே அடைத்து இன்னொரு முறை இழுங்கள். அதன்பின் பொறுமைதான் வேலை. விரலால் லேசாக அழுத்துங்கள். கலவை விரலில் ஒட்டினால், பூச்சைத் தேய்த்துச் சீராக்கும் மணியாஸ் கட்டையைத் தொடாதீர்கள். ஒட்டாமல் மெல்லிய தடம் மட்டும் விழுந்தால் அதுதான் நேரம். தடமே விழாவிட்டால் நேரம் தப்பிவிட்டது. காத்திருக்கும்போது அடுத்த பகுதிக்குத் தண்ணீர் தெளிக்கலாம். புதுக் கலவை மட்டும் குழைக்க வேண்டாம்.

வேலையை நிறுத்தும்போது மூலைக்கு அரை அடிக்குள் நிறுத்தாமல், ஓரத்தைச் சரிவாக வெட்டி விடுங்கள். மறுநாள் அந்த ஓரத்தை நனைத்து, சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) தடவித் தொடர்ந்தால் ஒட்டு பிடிக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் மேற்குச் சுவரைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: பூச்சு தண்ணியாக இருக்கும்போது காய்ந்த சிமெண்ட் தூளைத் தூவித் தேய்த்தால் சீக்கிரம் முடிகிறது. செய்யலாமா?

பதில்: வேண்டாம். மேலே மட்டும் சிமெண்ட் கூடிய தோல் உண்டாகி, அடியிலிருப்பதைவிட அதிகமாகச் சுருங்கும். சில வாரங்களில் சுவரெங்கும் மயிரிழை வெடிப்பு வரும். அடுத்த கலவையில் தண்ணீரைக் குறையுங்கள். பூசிய மறுநாளிலிருந்து 7 நாள் காலையும் மாலையும் தண்ணீர் அடியுங்கள்.